கீறல் போட்டுத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

வாகன முகவர் நிறுவனங்களின் சேர்விஸ் பகுதி முகாமையாளர் அவர்களின் மேலான சமுகத்துக்கு,

பதுளை டவுனிலும் பசறை, ஹாலிஎல, தெமோதரை பக்கத்துத் தோட்டங்களிலும் கார் வைத்திருப்போர் எழுதிக்கொள்வது.

எண்ணெய் மாற்றக் கொடுத்த கார் எண்ணெய் மாறி வந்தது. பிரேக் பார்த்தார்கள், ஏசி பில்டரைத் தட்டிப் போட்டார்கள். அதற்கெல்லாம் பில் இருக்கிறது. பில்லில் இல்லாத வேலையும் ஒன்று நடந்திருக்கிறது. பின்கதவில் கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. பொனட் முழுக்க வட்டம் வட்டமாக மயிரிழைக் கீறல்கள். இத்தனை நுணுக்கமான வேலைக்குத் தாங்கள் காசு கேட்காதது பெருந்தன்மைதான்.

அந்தப் பெருந்தன்மை தங்கள் வாசலில் கண்ணுக்குப் படுவதில்லை. பொடி வோஷ் முடிந்து ஈரம் காயாத காரில் கீறல் தெரியாது; தண்ணீர் அதை நிரப்பி மறைத்துவிடும். சாவியை வாங்கி, கையெழுத்துப் போட்டு, ஹாலிஎல வளைவில் சாய்ந்த வெயில் பொனட்டில் விழும்போதுதான் கார்க்காரருக்கு வயிற்றைப் பிசைகிறது. கோல் எடுத்தால் மறுமுனையில் ஒரே பதில்: “அது முந்தியே இருந்தது சேர்.”

முந்தி என்றால் எப்போது? ஜப்பானில் இருந்தபோதா? அதற்கும் கணக்கு இருக்கிறது. இந்த நாட்டில் ஓடும் கார்களில் பல ஜப்பான் ஏலத்தில் எடுத்துவந்த பழைய கார்கள். அங்கே ஏலப் பத்திரத்தில் காரின் படம் வரைந்து, ஒவ்வொரு காயத்தையும் குறியீடு போட்டுக் காட்டியிருப்பார்கள். ஏ1 என்றால் சின்னக் கீறல், ஏ3 என்றால் பெரியது, யூ என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் தட்டிப் பெயின்ட் அடித்த தடயம். பசறை எங்கே இருக்கிறது என்றே அறியாத ஒரு பரிசோதகர், யார் வாங்கப்போகிறார் என்றும் தெரியாமல் இவ்வளவையும் குறித்து வைக்கிறார். தங்கள் ஜொப் கார்டிலும் அதே மாதிரிக் கார்ப் படம் அச்சடித்திருக்கிறது. அதில் ஒரு புள்ளிகூட விழுவதில்லை. படம் வெறுமையாகவே கிடக்க, கீழே ‘சம்மதம்’ என்ற கோட்டில் மட்டும் கார்க்காரரின் கையெழுத்து இருக்கும். பக்கத்தில் சுவரில் ஒரு பலகை: வாகனத்துக்கு உரிமையாளரே பொறுப்பு.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த நியாயம் புதிதல்ல. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசும் கொப்பியும் ஒரே பக்கம்தான். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோக்கள் கழியும். நிறை குறைந்தால் நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கும் அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்தான். அவள் மகன் இன்று வாத்தியார், கடனுக்கு ஒரு கார் எடுத்திருக்கிறார். கொப்பி மட்டும் இன்னும் எதிர்ப் பக்கத்திலேயே இருக்கிறது.

வோஷ் பண்ணிய பையனைப் பிடித்து ஏசிவிட்டால் விஷயம் முடிந்தது என்று தாங்கள் நினைக்கலாம். வேண்டாம். அவனும் ஏதோ ஒரு லயத்திலிருந்து இறங்கி வந்தவன். வரிசையில் நிற்கும் கார்களுக்கெல்லாம் ஒரே வாளி, ஒரே துணி என்று கொடுத்தால் அவன் என்ன செய்வான்? ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வீசி ஊவாத் தேயிலைக்கு மணம் ஏற்றும் அதே கச்சான் காற்றுதான் கார் மேல் புழுதியையும் ஏற்றுகிறது. அந்தப் புழுதியில் உள்ள மணல் கண்ணாடியையே கீறும். காரின் மேற்பூச்சான கிளியர் கோட் 40, 50 மைக்ரோன்தான். ஒரு தலைமயிரின் தடிப்புக்கூட இல்லை. கழுவும் துணியை அலச இன்னொரு வாளி வைத்திருந்தால் பாதிக் கீறல் வந்திராது. அந்த வாளிக்கு என்ன விலை என்று தங்கள் கணக்குப் பிரிவில் விசாரிக்கவும்.

கொஞ்சம் சத்தம் போட்டால் தங்களிடமிருந்து ஒரு வரம் கிடைக்கிறது: “ஃப்ரீயா கட் அன்ட் பொலிஷ் போட்டுத் தாறோம்.” நகத்தை வைத்து இழுத்தால் நகம் மாட்டாத கீறல் அதில் போகும், உண்மைதான். போவது எப்படியென்றால், கீறலைச் சுற்றியுள்ள மேற்பூச்சையும் கீறலின் அடிமட்டம் வரைக்கும் தேய்த்து எடுப்பதால். போனது திரும்ப வளராது. சில இடங்களில் அதுவும் இல்லை. மெழுகைப் பூசி அடைத்து அனுப்புகிறார்கள், சில வோஷில் கீறல் திரும்பி வந்து வணக்கம் சொல்கிறது. நகம் மாட்டினால் கதவுக்கே பெயின்ட். பிறகு விற்கப் போனால், வாங்க வருகிறவர் தடிப்பு அளக்கும் கருவியை அந்தக் கதவில் வைத்துப் பார்த்துவிட்டு, “எங்க அடிபட்டது?” என்று கேட்பார்.

விற்பது என்றதும் இன்னொன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் பழைய கார், வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குப் போனது. இறக்குமதி திறந்த பிறகும் வரிக்குப் பயந்து இருப்பதையே துடைத்து வைத்திருப்பவர்கள் இந்த மலையில் நிறையப் பேர். அவர்கள் கதவில்தான் தாங்கள் கோடு போடுகிறீர்கள்.

சட்டம் பேசுவது மரியாதையாக இராது. இருந்தாலும் தங்கள் வரவேற்பறையில் மாட்டுவதற்கு உதவும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, சேவை வழங்கும் எந்த ஒப்பந்தத்திலும், எழுதாவிட்டாலும், உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வோம் என்ற உத்தரவாதம் அடங்கியிருக்கிறது. முறைப்பாட்டை அந்த அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ‘முந்தியே இருந்தது’ என்று அடித்துப் பேசுகிறவர்கள், முந்தி பார்த்ததை ஜொப் கார்டில் ஏன் குறிக்கவில்லை என்று அங்கே ஒரு கேள்வி வரக்கூடும்.

ஆகவே பணிவான வேண்டுகோள். அடுத்த முறை கார் உள்ளே வரும்போது தங்கள் ஆள் ஒருவர் பேனாவோடு வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றட்டும். கார்க்காரர் போனில் நாலு பக்கமும் படம் எடுப்பார். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திருப்பித் தரும்போது காரைத் துடைத்துக் காயவைத்து, வெயிலில் நிறுத்தித் தரவும். மழை நாளென்றால் டோர்ச் போதும்.

இப்படிக்கு,
ஊவா மாகாணக் கார்க்காரர்கள்

பிரதி: நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு. இன்னும் அனுப்பவில்லை, மூன்று மாதம் முடிய நாள் இருக்கிறது.