முச்சந்தி முட்டையும் பார்ட்டி முட்டையும்: மைசூர் மைன்ஸ் வட்டார ஆய்வு

முட்டையை வைத்துப் பிறரை மிரட்டும் கலை, அக்டோபர் 31 ஹாலோவீனோடு மேற்கிலிருந்து இறக்குமதியானது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இக்கட்டுரை அதை மறுக்கிறது. அமாவாசைக்கு மறுநாள் காலை, குங்குமம் தடவிய ஒரே ஒரு முட்டை கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைன் முச்சந்தியில் கிடக்கட்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூவாயிரம் மீட்டர் ஆழம் இறங்கி, பாறை வெடிப்புக்கு அசராமல் ஷிப்ட் பார்த்த தாத்தாகூட சைக்கிளை விட்டு இறங்கிச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

துரைமார் கற்றுக்கொடுத்தது என்பாரும் உண்டு. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால்வைத்த பின் கார்ன்வால் சுரங்கக்காரர்கள் வந்தது உண்மைதான். அவர்கள் ஊரிலும் அதே அக்டோபர் 31இல் ‘ஆலன்டைட்’ பண்டிகை. ஆனால் அதில் கைமாறுவது பெரிய சிவப்பு ஆப்பிள். முட்டைக்கு வேலையே இல்லை. வட ஆற்காட்டுப் பக்கமிருந்து மூட்டை முடிச்சோடு சுரங்க வேலைக்கு வந்தவர்கள்மீதுதான் நம் சந்தேகம் விழுகிறது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். பிள்ளைகள் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூரு போய் வேலை பார்க்கிறார்கள். ஆபீசில் ஹாலோவீன் பார்ட்டி, ஆளுக்கொரு பயமுறுத்தும் ஐட்டம். ஐட்டத்தைச் செய்வது அம்மா.

பார்ட்டி முட்டைக்குச் செய்முறை இரண்டு. வெந்த முட்டையை உரிக்காமல் கரண்டியால் நாலாபுறமும் தட்டி விரிசல் விட்டு, பீட்ரூட் சாற்றில் இரவு முழுக்க பிரிட்ஜில் ஊறவைத்து, காலையில் உரித்தால் வெள்ளைமேல் சிவப்புச் சிலந்தி வலை. இன்னொன்று கண்: பாதியாக வெட்டி, மஞ்சள்கருவை வெண்ணெய், மிளகுத்தூளோடு பிசைந்து திரும்ப அடைத்து, மேலே பச்சை மிளகாய் வளையம், நடுவில் கறுப்புத் திராட்சை.

சீரியல் பார்த்துக்கொண்டே அடுப்பை மறந்தால் மூன்றாவது வகை தானே பிறக்கும். வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் கூடி, கருவைச் சுற்றிக் கரும்பச்சை வளையமாக இரும்பு சல்ஃபைடு படியும். எங்கள் ஊர்த் தாதுப்பாறையிலும் இரும்பு சல்ஃபைடு உண்டு. முட்டையில் தங்கம்தான் குறைச்சல். சுரங்கத்தின் அடி ஆழத்தில் பாறைச் சூடு 60 டிகிரிக்கு மேல். வெள்ளைக்கரு இறுகத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான். அடுப்பே இல்லாமல் அரைவேக்காட்டு முட்டை கிடைக்கும் என்ற எமது கருதுகோளைச் சோதிக்க வழியில்லை, சுரங்கத்தில் தண்ணீர் நிரம்பிவிட்டது.

கள ஆய்வில் பெரிய சிக்கல் பாட்டியால் வந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, “யாருக்குடி இது சுத்திப் போட்டது?” என்றவர், பேத்தி பதில் சொல்வதற்குள் கற்பூரம் தேடப் போய்விட்டார். இந்த வட்டாரத்தில் பயப்பட வைக்கும் முட்டையை யாரும் வாயில் வைப்பதில்லை; வாயில் வைக்கும் முட்டைக்கு யாரும் பயப்படுவதில்லை. ஆக, ‘பயமுறுத்தும் தின்பண்டம்’ என்ற பிரிவே இங்கே செல்லாது.

விதிவிலக்கு லைன் நாய்கள். முச்சந்தி முட்டையையும் பார்ட்டியில் மிஞ்சிய முட்டையையும் அவை பேதமின்றித் தின்றன. பச்சை மிளகாய் வளையத்தை மட்டும் ஒதுக்கிவிட்டன.