ஓ2, ஓ3 தகராறும் பெயர்ராசியும்: ஒரு முன்னாய்வுக் குறிப்பு

சி மொழியில் எழுதிய நிரலுக்காக ஜிசிசி கம்பைலர் எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று சொல்ல, ஒரு சிறு கோடு, ஓ என்ற எழுத்து, பக்கத்தில் ஓர் எண் போதும். இத்தனை சிறிய பொருளுக்கு இத்தனை கனமான தலைப்பு வேறெங்கும் கிடைக்காது (காண்க: மேலே).

ஓ0 பிழை தேடுவோருக்கு. ஓ1 என்று ஒன்றும் இருக்கிறது. ஓஎஸ், அளவு குறைக்க. ஓஃபாஸ்ட் தசமக் கணக்கின் விதிகளையே கொஞ்சம் தளர்த்திக்கொண்டு ஓடும். கணக்கர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம். ஓ9 என்று எழுதும் பேராசைக்காரர்களிடம் ஜிசிசி வாதாடுவதில்லை. 9-ஐ 3 என்று எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கும்.

மிச்சம், ஓ2-வா ஓ3-ஆ என்ற பெரும்பூசல். ஓ3 ஃபங்ஷன்களை அழைத்த இடத்திலேயே தாராளமாக விரித்து எழுதும். நிரல் பருத்து கேஷில் அடங்காமல் போனால் ஓட்டம் மந்தமாகவும் கூடும். 2009-இல் மிட்கோவிச், டிவான், ஹவுஸ்விர்த், ஸ்வீனி ஆகிய நால்வர் இதை அளந்து பார்த்தார்கள். யுனிக்ஸின் சூழல் மாறிகள் மொத்தம் எத்தனை பைட் என்பதைப் பொறுத்து விடையே மாறியது! அவை பெருத்தால் ஸ்டாக் தொடங்கும் முகவரி நகரும்; அது நகர்ந்தால் வேகமும் நகரலாம்.

இவ்வாய்வின் சொந்தப் பங்களிப்பு இங்கே தொடங்குகிறது. சூழல் மாறிகளில் பயனர் பெயரும் ஒன்று. ஹோம் டைரக்டரியின் பாதையிலும் அதே பெயர் மறுபடி வரும் (மேற்படி, முந்தைய வாக்கியம்). ஆகவே பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் தொழில் விருத்தி என்று எண்கணித ஜோதிடர் சொன்னதை அவசரப்பட்டுத் தள்ளிவிட முடியாது (ஒப்பிடுக: மேற்படி கட்டுரை, மேற்படி பத்தி, இரண்டாம் வாக்கியம், மறுப்புக்கு, பகுத்தறிவு). ஸ்டாக் 16 பைட் எல்லையில் ஒழுங்குபடுத்தப்படுவதால் ஓர் எழுத்து போதாமலும் போகலாம். அப்போது இனிஷியலையும், தேவைப்பட்டால் குலதெய்வத்தையும் சேர்க்க வேண்டும். முகவரிகளைக் குலுக்கிப் போடும் பாதுகாப்பு வசதி இயங்கும் கணினிகளில் ராசி ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும், பரிகாரம் கிடையாது.

அந்த நால்வர் 133 ஆய்வுக் கட்டுரைகளையும் புரட்டினார்கள். சோதனை முடிவு தந்தவற்றில் ஒன்றுகூட இந்த அளவீட்டுச் சாய்வைப் போதிய அளவு கணக்கில் எடுத்திருக்கவில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டின் வரைபடம் ஏதாவது, தன் உயரத்துக்காக ஆசிரியருடைய தாத்தாவின் பெயருக்குக் கடன்பட்டிருக்கலாம்.

2013-இல் கர்ட்சிங்கரும் பெர்கரும் நிரல் ஓடும்போதே நினைவக அமைப்பைத் திரும்பத் திரும்பக் கலைத்துவிட்டு எல்எல்விஎம் கம்பைலரை அளந்தார்கள். ஓ2-ஐவிட ஓ3 தந்த லாபத்தைத் தற்செயல் இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. இதற்குப் பிறகும் “ஓ3 போட்டேன், சும்மா பறக்குது” என்று வருபவரிடம் முழுப் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்வது முறை.