வள்ளக்காரர் மகன் விதி

1972இல் வட்டாரப் பாட்டுப் போட்டிக்கு எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளையை அனுப்ப வேண்டியிருந்தது. போட்டி ஊர்காவற்றுறையில். நாங்கள் நயினாதீவார். மூன்று பேர் வரிசையில் நின்றோம். சங்கீத ரீச்சர் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகள் பாஸ் பண்ணியவர். காதை மட்டும் நம்புகிறவர். நான் பாடும்போது தலையை ஆட்டினார். அடுத்து நின்றவள் பாடும்போது கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாமவன் தொடங்கியதும் யன்னலுக்கு வெளியே பார்த்தார். அவள்தான் போகப்போகிறாள் என்று எங்கள் மூவருக்குமே விளங்கிவிட்டது.

வாசலில் நின்ற பெரிய வாத்தியார் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"ஆற்றை வள்ளத்திலை போறது?"

குறிகட்டுவானில் இறங்கி, பஸ்ஸுக்குக் காத்து நின்று, வாணர் தாம்போதி தாண்டி, வேலணை சுற்றிப் போனால் பரிசளிப்புக்குத்தான் போய்ச் சேரலாம். மூன்றாமவனின் தகப்பனிடம் மோட்டார் வள்ளம் இருந்தது. தெரிவு முடிந்தது. பொம்பிளைப் பிள்ளை வள்ளத்தில் போவது சரிவராது என்று அவளுக்கு ஒரு நியாயம் சொன்னார்கள். எனக்கு அந்த நியாயமும் இல்லை; சுருதிப்பெட்டி போடும் வேலை தந்தார்கள்.

அந்தப் பெட்டியை இன்றைக்கும் கையால் தடவிப் பார்த்தே அடையாளம் சொல்லுவேன். துருத்தித் தோலில் ஒரு கிழிசல். சைக்கிள் ரியூப் துண்டை சொலூசன் பூசி ஒட்டியிருந்தது. அழுத்தினால் சுருதியோடு சேர்ந்து ஒரு பெருமூச்சும் வரும். சோழகம் பெயர்ந்த காலம். உப்புத்தண்ணீர் தெறிக்காமல் பெட்டியைச் சாரத்தால் சுற்றி மடியில் வைத்திருந்தேன். பாட்டுக்காரன் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி வழி முழுக்கச் சத்தி எடுத்தான். தகப்பன் திரும்பியும் பார்க்கவில்லை. கடற்காரன் மகன் கடலில் சத்தி எடுத்ததை யார் பார்ப்பது?

மேடையில் அவனுடைய குரல் சுருதியைத் தேடியது. சுருதி காற்றைத் தேடியது. முதற்பரிசு போட்டி நடத்திய ஊர்ப் பிள்ளைக்கே போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் மத்தியஸ்தர் கதிரையில் இருந்தார். புள்ளியைக் கேட்டோம். "புள்ளியெல்லாம் வெளியிலை சொல்லுறேல்லை" என்றார்கள்.

தீவான் என்றால் எல்லாருக்கும் இளக்காரம் என்ற முடிவோடு வீடு வந்தேன். அந்த முடிவு என்னோடு நெடுங்காலம் இருந்தது.

பிறகு லுகானோ கதை தெரியவந்தது. 1956 மே மாதம் சுவிற்சர்லாந்தின் லுகானோவில் முதலாவது யூரோவிஷன் பாட்டுப் போட்டி. அந்த வருடம் எங்களுக்கு யாழ்தேவியும் சிங்களம் மட்டும் சட்டமும் கிடைத்தன. ஐரோப்பாவுக்கு இது கிடைத்தது. ஏழு நாடுகள், நாட்டுக்கு இரண்டு பாட்டு, இரண்டு நடுவர். நடுவர் தன் நாட்டுப் பாட்டுக்கும் புள்ளி போடலாம். லக்சம்பேர்க்கால் நடுவர்களை அனுப்ப முடியவில்லை. அவர்களுக்குரிய புள்ளியையும் சுவிஸ்காரரே போட்டார்கள். வென்றது யார்? போட்டி நடத்திய சுவிஸின் லிஸ் அசியா. புள்ளி விபரம் இன்றுவரை வெளியிடப்படவில்லை. வாசித்தபோது எனக்கு ஊர்காவற்றுறைக் காற்று முகத்தில் அடித்தது.

எங்கள் நாடும் குறைந்ததில்லை. 1948இல் சுதந்திரத்துக்கு ஒரு தேசிய கீதம் வேண்டுமென்று லங்கா கந்தர்வ சபை போட்டி வைத்தது. பரிசு பெற்ற பாட்டை எழுதியவர் பி. பி. இலங்கசிங்க, இசையமைத்தவர் லயனல் எதிரிசிங்க. இருவரும் நடுவர் குழுவில் இருந்தவர்கள். பெப்ரவரி 4ஆந் திகதி காலையில் பாட்டு வானொலியில் போனது. சர்ச்சை அதைவிடத் தூரம் போனது. மூன்று வருடம் கழித்து, 1951இல், ஆனந்த சமரக்கோனின் பாட்டைத்தான் தேசிய கீதமாக எடுத்தார்கள்.

இதையெல்லாம் நான் தேடி வாசித்ததற்குக் காரணம் அந்த வள்ளக்காரர் மகன். எண்பதுகளில் சுவிசுக்குப் போனவன். புங்குடுதீவில் பாதி அங்கேதான் என்பார்கள். நயினாதீவுக்கும் ஒரு மூலை இருக்கிறது. இப்போது பாசலில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான். வருடாவருடம் மே மாதம் அவனுக்கு யூரோவிஷன் பிடித்துவிடும்.

"இஞ்சை உன்ரை பெரிய வாத்தியார் வேலை சரிவராது மச்சான்," என்று தொடங்குவான். "நூறு சனத்தைப் பிடிச்சு ஒரு குழு. வெளிநாட்டுப் பாட்டு விண்ணர் கொஞ்சப் பேர் இன்னொரு குழு. ரெண்டு பேற்றை மார்க்ஸும் பாதிப் பாதி. ரீவிக்காரன் தன்ரை மச்சாளை அனுப்பேலாது."

எஸ்.ஆர்.ஜி. என்ற அவர்களின் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு இந்த ஞானம் அடிபட்டு வந்தது. முன்பு தொலைக்காட்சியில் மேடை போட்டு, எல்லாரும் பார்க்கத் தெரிவுசெய்தார்கள். அப்படிப் போனவர்கள் 2015 முதல் 2018 வரை நான்கு வருடமும் அரையிறுதியோடு திரும்பி வந்தார்கள். 2019இல் குழு முறைக்கு மாறினார்கள். லூக்கா ஹெனி நான்காம் இடம். 2024இல் மல்மோவில் நெமோ 591 புள்ளியோடு வென்றது. அதற்கு முந்திய சுவிஸ் வெற்றி 1988இல். கனடாவிலிருந்து செலின் டியோனை இறக்கி, ஒரேயொரு புள்ளியில் வென்றார்கள். உதைபந்தாட்டத்துக்கு வெளியூர்க் கால் இறக்கும் எங்கள் விளையாட்டுக் கழகங்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை.

"அப்ப எல்லாரும் அரையிறுதியிலை பாடித்தான் வரவேணுமோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இல்லை. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜேர்மனி, இத்தாலி, ஸ்பெயின் நேரை இறுதிக்கு. அவை காசு கூடக் கட்டுற ஆக்கள்."

"வள்ளக்காரர்" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் போன் இரைந்தது.

2025இல் போட்டி பாசலிலேயே, சென் யாக்கோப் மண்டபத்தில். மே 17 இரவு ஒன்பது மணி அவனுக்கு. எனக்குப் பன்னிரண்டரை, மே 18 பிறந்துவிட்டது. அவன் மகளோடு மண்டபத்துக்குள். சுவிசுக்குப் பாடியது சோயி மே. சொந்த நாட்டுக்கு வாக்குப் போடக் கூடாது என்பது விதி. மற்ற நாட்டுப் பாட்டுகளுக்கு அந்த வருடம் ஒருவர் இருபது வாக்குவரை போட முடிந்தது. எங்கள் ஊரில் ஒரு கள்ளவோட்டுப் போட விரல் மையை எலுமிச்சம்புளியால் தேய்த்துத் தோலுரிந்தவர்களை எனக்குத் தெரியும். அங்கே இருபதும் நல்லவோட்டு, காசும் எடுத்தார்கள்.

"மச்சான், நீ போடலாம். 2023இலை இருந்து மிச்ச உலகமும் போடலாம். சுவிசுக்குப் போடு!"

நயினாதீவு மிச்ச உலகம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு காலம் நேயர் விருப்பத்துக்கு இலங்கை வானொலிக்குத் தபாலட்டை எழுதி, பெயர் வாசிப்பார்களா என்று பற்றரியை வெயிலில் காயவைத்துக் காத்திருந்தவன் நான். வங்கி அட்டையை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, இலக்கங்களை ஒவ்வொன்றாகக் குத்தினேன். ஓ.ரி.பி. வரும் என்றது. சிக்னல் கிணற்றடியில்தான் பிடிக்கும். கிணற்றடிக்குப் போனேன். ஓ.ரி.பி. வந்தது, அதற்குரிய நேரம் போய்விட்டது. மறுபடி குத்தினேன். மறுபடி கிணற்றடி. வாக்கு மூடிவிட்டார்கள்.

நாலு மணி தாண்டிப் புள்ளி வாசித்தார்கள். நாடுகளின் நடுவர் குழுக்கள் சேர்ந்து சோயி மேக்கு 214 கொடுத்திருந்தன. அடுத்தது பொதுசனம். பெண்பிள்ளை திரையில் சிரித்தபடி இருந்தது.

"முட்டை மச்சான்," என்றான். "சனம் முட்டை போட்டிட்டுது. ஒண்டுகூட இல்லை."

"நூறு பேர் குழு?"

"அது வேறை சனம்."

எனக்கு அந்த 214இல் ரீச்சர் கண்ணை மூடிய முகம் தெரிந்தது. அவனிடம் சொல்லவில்லை. அவனோ, "அண்டைக்கு நான் பாடினதுக்கு எத்தினை புள்ளி போட்டிருப்பாங்கள்?" என்று கேட்டான். ஐம்பத்துமூன்று வருடத்தில் அவன் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சுருதிப்பெட்டி ஓட்டை," என்றேன்.

வெளியே சந்தியில் கிடாரம் உருட்டும் சத்தம். முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி காய்ச்சப் பெடியள் விடியமுன்னமே வந்துவிட்டார்கள். அரிசி கழுவத் தண்ணீர் அள்ள எங்கள் கிணற்றடிக்குத்தான் வருவார்கள். "என்ன சத்தம்?" என்றான். சொன்னேன்.

"ஓம், இண்டைக்கு 18 எல்லோ," என்றான். பின்னால் மண்டபத்தில் வென்ற ஒஸ்திரியாக்காரரின் பாட்டு மறுபடி தொடங்கியிருந்தது. அவன் வெளியே வரக் கதவைத் தேடுகிறான் போல. பாட்டு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு போனது.