இறையனார் முதல் ரமணிசந்திரன் வரை: ஒரு கண்ணீர்ச் சரித்திரம்

களம்பூரில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அதன் பெயர் ஆரணி ரோடு. தண்டவாளம் எங்களுடையது, பிளாட்பாரம் எங்களுடையது, பலகையில் உள்ள பெயர் மட்டும் ஆரணிக்காரர்களுடையது. உழைப்பு ஓரிடம், மரியாதை வேறிடம் என்கிற விஷயத்தில் எங்கள் ஊருக்கு நீண்ட அனுபவம் உண்டு. அந்தத் தகுதியை வைத்துத் தமிழ்க் காதல் கதைகளின் வழக்கை இங்கே விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறோம்.

வழக்கின் சுருக்கம் இது. பதினேழு வயதுப் பெண் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து ரமணிசந்திரன் நாவல் படிக்கிறாள். எதிர் சீட்டுப் பெரியவர் அட்டையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். “இதெல்லாம் ஒரு இலக்கியமா?” கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் உலகத்திலேயே தாம்தான் முதலில் கேட்பதுபோல் கேட்கிறார். தமிழர்கள் இதை ஆயிரம் வருடத்துக்கு மேலாகக் கேட்டு, ஆளுக்குத் தகுந்தமாதிரி தீர்ப்பு எழுதி வருகிறார்கள்.

ஆதியிலே பஞ்சம் இருந்தது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு வருடம் மழை இல்லை. அரசன் புலவர்களைக் கூப்பிட்டு, இனிமேல் உங்களுக்குச் சோறு போட முடியாது, எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்ளுங்கள், நாடு நாடானதும் வாருங்கள் என்று அனுப்பிவைத்தான். ஒருவழியாக மழை பெய்தது. ஆள் விட்டுத் தேடினான். எழுத்திலக்கணம் தெரிந்தவர் வந்தார், சொல்லிலக்கணம் தெரிந்தவர் வந்தார், பொருளிலக்கணம் தெரிந்தவர் ஒருவரும் அகப்படவில்லை. ஏரிக்கரை உடைந்து கிடக்கிறதே, விதைநெல் இல்லையே என்று மன்னன் அழுததாகத் தகவல் இல்லை. பொருளதிகாரம் போன பிறகு எழுத்தும் சொல்லும் இருந்து என்ன பயன் என்று அழுதான்.

மதுரை ஆலவாய்க் கடவுளுக்கு மனம் தாங்கவில்லை. அறுபது சூத்திரம் எழுதி, மூன்று செப்பேட்டில் பொறித்து, தம் பீடத்துக்கு அடியில் வைத்துவிட்டார். நூலின் பெயர் இறையனார் களவியல். பெற்றோருக்குத் தெரியாமல் காதலிக்கும் முறை பற்றி சிவபெருமானே எழுதி, சிவபெருமானே பதிப்பித்த புத்தகம். ராயல்டி தகராறு வந்ததாக எந்த உரையாசிரியரும் சொல்லவில்லை.

பிறகு வந்ததுதான் வேடிக்கை. சங்கத்துப் புலவர் நாற்பத்தொன்பது பேரும் ஆளுக்கொரு உரை எழுதிவிட்டார்கள். எது நல்ல உரை? தீர்ப்புச் சொல்ல உருத்திரசன்மன் என்ற ஐந்து வயது ஊமைப் பிள்ளையை உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவராக வாசிக்க, பிள்ளை கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது. மருதனிளநாகனார் வாசித்தபோது ஆங்காங்கே கண்ணீர் விட்டது. நக்கீரர் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் வார்த்து மெய்சிலிர்த்தது. முடிந்தது, நக்கீரருக்கே முதல் பரிசு.

ஆக, தமிழ் இலக்கிய விமர்சனத்தின் மூலவிக்கிரகம் ஐந்து வயதுக் குழந்தை, அளவுகோல் கண்ணீர். இன்றைக்கு ஒரு நாவலைப் பற்றி ‘படித்துவிட்டு அழுதேன்’ என்று ஒரு பெண் சொன்னால், அதையே அந்த நாவலுக்கு எதிரான சாட்சியமாக விமர்சகர்கள் குறித்துக்கொள்கிறார்கள். உருத்திரசன்மனுக்கு இப்போது ஒரு சிற்றிதழிலும் இடம் கிடைக்காது.

அடுத்த சாட்சி கபிலர். ஆரிய அரசன் பிரகதத்தன் தமிழ் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான். கபிலர் அவனுக்கு ஆனா ஆவன்னா நடத்தவில்லை, அறிவுரை சொல்லவில்லை. தினைப்புனத்தில் ஒரு பெண், அந்தப் பக்கம் வந்த ஓர் இளைஞன், யானை மிரட்டல், மீட்பு, தோழி போய்த் தாயிடம் விஷயத்தை உடைப்பது என்று 261 அடியில் ஒரு முழுநீளக் காதல் கதை சொன்னார். நடுவில் 99 பூக்களின் பெயரையும் அடுக்கிவிட்டார். அதுதான் குறிஞ்சிப்பாட்டு. தமிழ் என்றால் என்ன என்று வெளியூர்க்காரன் கேட்டால் காதல் கதையைக் கொடு என்பது கபிலரின் பாடத்திட்டம். நாம் அதைப் பரீட்சைக்கு வைத்து, அந்தப் பூக்களை மனப்பாடப் பகுதி ஆக்கி, காதலை வெற்றிகரமாக வெளியேற்றிவிட்டோம்.

வயது விவகாரத்துக்கு வருவோம். பதின்வயதுக் காதலை எழுதுவது கீழ்த்தரம் என்பவர்கள் சிலப்பதிகாரத்தின் முதல் காதையை ஒருமுறை புரட்டலாம். கல்யாணத்தின்போது கண்ணகிக்குப் பன்னிரண்டு வயது, கோவலனுக்குப் பதினாறு. கடல் தாண்டிப் போனாலும் இதே கதைதான். ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டுக்குப் பதினான்கு முடியவில்லை. உலக இலக்கியத்தின் பாதியை எடுத்துக்கொண்டு போய் எட்டாம் வகுப்பில் உட்கார வைக்கலாம்.

‘ஒரே ஃபார்முலா சார்’ என்பது அடுத்த குற்றச்சாட்டு. தொல்காப்பியரைக் கூண்டில் ஏற்றினால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். குறிஞ்சி என்றால் கூடல், முல்லை என்றால் காத்திருத்தல், மருதம் என்றால் ஊடல், நெய்தல் என்றால் புலம்பல், பாலை என்றால் பிரிவு. பாத்திரங்களும் முன்கூட்டியே நியமனம்: தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாங்கன். அகப்பாட்டில் யாருக்கும் பெயர் வைக்கக்கூடாது என்பதும் சட்டம். கார்காலம் வந்தும் தலைவன் வரவில்லை என்று தலைவிகள் நூற்றுக்கணக்கான பாட்டுகளில் அழுகிறார்கள். ஒருவரும் ‘போன மாதமும் இதே கதைதானே’ என்று பத்திரிகைக்குக் கடிதம் போடவில்லை.

இவ்வளவு மரியாதையாகப் போய்க்கொண்டிருந்த வண்டி எங்கே தடம் புரண்டது? சமணர் காலத்திலேயே சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. களம்பூருக்குப் பக்கத்துத் திருமலையில் சமணக் குகைகளும் பெரிய நேமிநாதர் சிலையும் இருக்கின்றன. அந்தச் சமயத்தைச் சேர்ந்த துறவி திருத்தக்கதேவர் எழுதியது சீவக சிந்தாமணி. நாயகன் சீவகன் வரிசையாக எட்டுப் பெண்களை மணக்கிறான். நூலுக்கே மணநூல் என்று பெயர் வந்துவிட்டது. படித்தவர்களுக்குச் சந்தேகம்: அனுபவம் இல்லாமலா இந்தச் சாமியார் இப்படி எழுதினார்? பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் பிடித்துத் தம் துறவை அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது என்கிறது மரபுக்கதை. காதல் கதை எழுதுகிறவரின் சொந்த வாழ்க்கையைத் துருவும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

அந்தச் சிந்தாமணியைச் சோழ மன்னன் அநபாயன் ஆசையாகப் படித்துக்கொண்டிருந்தான். அமைச்சர் சேக்கிழாருக்குத் தூக்கம் வரவில்லை. இந்தப் பொய்க்கதையை விட்டுவிட்டு நல்ல புத்தகமாகப் படியுங்கள் என்று மன்னனிடம் சொல்லி, படிப்பதற்கு அப்படியொரு புத்தகம் வேண்டுமே என்று தாமே பெரியபுராணத்தையும் எழுதிக் கொடுத்தார். சேக்கிழார் புராணம் சொல்லும் கதை இது. பிள்ளை கையில் இருக்கும் நாவலைப் பிடுங்கும் அப்பாக்கள் சேக்கிழாரிடம் ஒரு பாடம் கற்கவேண்டும். அவர் பிடுங்கியதோடு நிற்கவில்லை, அதைவிட நல்லதை எழுதிக் கையில் கொடுத்தார்.

இப்போது ஒரே தாவாக இருபதாம் நூற்றாண்டு. அச்சுக்கூடம் வந்துவிட்டது, நாலணா புத்தகம் வந்துவிட்டது, கூடவே எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஆரணி குப்புசாமி முதலியாரும் வந்துவிட்டார். வேதாந்தத்தில் ஈடுபாடு உள்ளவர். 1915இல் தொடங்கிய ‘ஆனந்தபோதினி’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். அவர் நாவல்களில் பல, லண்டனில் சக்கைப்போடு போட்ட ரெயினால்ட்ஸ் போன்றவர்களின் கதைகளைத் தழுவியவை. லண்டன் சீமான்கள் நம்மூர் ஜமீன்தார்களாக வேஷம் மாற்றிக்கொண்டு வந்தார்கள். கொலை, கடத்தல், மாறுவேடம், நடுவில் காதல், கடைசியில் நீதி. ஆரணி என்ற பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனதில் பட்டுப்புடவைக்கு அடுத்த இடம் அவருக்குத்தான். இன்றைக்கு ஆரணியில் புடவைக்கடை கேட்டால் பத்துப் பேர் வழிசொல்வார்கள். முதலியாரின் நாவல் கேட்டுப்பாருங்கள்.

அவருக்குப் பின்னால் வந்தவர்களில் என் ஓட்டு வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு. 1901இல் பிறந்து, ஆறு வயது ஆகுமுன் கல்யாணம் ஆனவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆரம்பத்தில் கதையை வாயால் சொல்ல, தோழி எழுதிக்கொண்டார். 1925இல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை ஏற்று 1960இல் இறக்கும்வரை கையில் வைத்திருந்தார். 115 நாவல்கள். நடுவில் மேடைப்பேச்சு, பாட்டு, சுதந்திரப் போராட்டம், ஜெயில். எழுதப்படிக்கத் தெரிந்த பெண்களே குறைவாக இருந்த நாட்டில், அடுத்த அத்தியாயத்தைத் தெரிந்துகொள்வதற்காகவே பெண்கள் படிப்பில் ஊன்றும்படி செய்தவர்களில் அவர் முக்கியமானவர். இதைச் செய்ததற்காகத் தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் அவருக்கு ஒதுக்கும் இடம் பெரும்பாலும் ஒரு பத்தி.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1933இல் தொடங்கிய ‘மணிக்கொடி’யைச் சுற்றித் திரண்டவர்கள் தமிழில் புதிதாக ஒன்றைச் செய்யப் பார்த்தார்கள். தழுவல் கதைகள் விற்றுத் தள்ள, அவர்கள் எழுத்தை வாங்க ஆளில்லை. புதுமைப்பித்தன் 1948இல் காசநோயில் செத்தபோது வயது 42. அப்படிப்பட்டவர்களின் வழிவந்தவர்களுக்கு ‘அதிகம் விற்பது’ என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வந்ததில் ஆச்சரியமில்லை. விமர்சகர் க.நா.சு. எது நல்ல இலக்கியம் என்று பட்டியல் போட்டார். அகிலனின் ‘சித்திரப்பாவை’க்கு 1975இல் ஞானபீடம் கிடைத்தபோது சுந்தர ராமசாமி கட்டுரை எழுதித் தோலை உரித்தார். அந்தக் கோபம் தமிழ் உரைநடைக்கு நல்லது செய்தது. ஆனால் கோபம் பரம்பரைச் சொத்தாகக் கைமாறியபோது ஒரு கெட்ட வழக்கமும் சேர்ந்தே வந்தது: படிக்காமலே தள்ளுவது.

லக்ஷ்மியைப் பாருங்கள். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சம்பளம் கட்ட வழியில்லாமல் ஆனந்த விகடனுக்குக் கதை எழுதி டாக்டரானவர். நமக்குத் தெரிந்து, குடும்பக் கதை எழுதிக் குடும்பத்தையும் காப்பாற்றிய எழுத்தாளர்கள் அதிகம் இல்லை. ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்கு 1984இல் சாகித்திய அகாதெமி விருது கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் ‘பெண்கள் படிக்கிற கதை’ என்ற முத்திரை போகவில்லை.

கடைசியாக ரமணிசந்திரன். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள். வாடகை நூலகங்களில் அவர் புத்தகத்துக்குத்தான் முதலில் முதுகு கிழியும். தமிழில் அவரைக் குறிப்பிடும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டவர்கள் இருந்தார்கள். 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுஜனக் கதைகளை, பிரீதம் கே. சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில், ஆங்கிலத்தில் தொகுத்தது. அதில் ரமணிசந்திரனும் இருந்தார். அதன்பிறகு ஆங்கிலம் படிக்கிறவர்களுக்குத் திடீரென்று இதெல்லாம் ‘சுவாரசியமான கலாச்சார ஆவணம்’ ஆகிவிட்டது. பஸ்ஸில் படித்த பெண்ணுக்கு அது முன்பே சுவாரசியமாகத்தான் இருந்தது, அவளை யாரும் கேட்கவில்லை.

சரி, தீர்ப்பு. மொத்த ஜாதிக்கும் மரியாதைப் பட்டயம் எழுதித் தர முடியாது. நாயகியைச் சந்தேகப்பட்டு, பேச்சால் குத்தி, இருபது அத்தியாயம் அழவைத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் மன்னிப்புக் கேட்கும் பணக்கார நாயகன் இந்த நாவல்களில் ஏராளம். அவனைப் பார்த்துக் காதல் என்றால் இதுதான் என்று ஒரு பெண் நம்பினால் அது நல்லதல்ல. பரத்தை வீட்டிலிருந்து திரும்பி வந்து பாணனைத் தூதுவிட்ட சங்கத் தலைவன் இவனுக்கு அண்ணன் என்பது உண்மைதான். அண்ணன் செய்த தப்பு தம்பிக்கு விடுதலை வாங்கித்தராது.

ஆனால் ஃபார்முலா என்ற ஒரு காரணத்துக்காகத் தள்ளினால் எங்கள் பக்கத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பட்டுத்தறியில் பூவேலையைத் தீர்மானிக்கும் ஜக்கார்டு அட்டை பத்துத் தறிக்கும் ஒன்றுதான். பத்துப் புடவையையும் விரித்துப் போட்டால் எது தேர்ந்த கை நெய்தது, எது அவசரக் கை நெய்தது என்று விரல் வைத்ததும் சொல்லிவிடுவார்கள். விரல் வைக்காமல் விலை சொல்கிறவரை யாபாரி என்றே மதிக்கமாட்டார்கள். காதல் நாவலுக்கும் அதுதான் நீதி. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து நல்லதை நல்லது என்றும் மட்டத்தை மட்டம் என்றும் சொல்லவேண்டும்.

ஆகவே எதிர் சீட்டுப் பெரியவருக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் புத்தகத்தை வாடகைக்கு எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படியுங்கள். பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், நாங்களும் சேர்ந்து திட்டுகிறோம். நடுவில் எங்காவது கண் கலங்கினால் கூச்சப்பட வேண்டாம். நக்கீரருக்குப் பரிசு கிடைத்ததே அதனால்தான்.