மூன்று டன் லாரியும் எழுபது கிராம் சுமையும்

கடையில் வாங்கிய பெட்டியைத் திறந்து, அதிலுள்ள பிளாஸ்டிக் உறுப்புகளை எண்வரிசைப்படி ஒட்டி, ஒரு வாகனத்தின் சிற்றுருவை உண்டாக்குவோர் ஒரு வகையினர். பெட்டிக்குள் எல்லாம் ஆயத்தமாக இருப்பதையே ஒரு குறையாகக் கருதி, வெற்றுப் பிளாஸ்டிக் தகடு, பித்தளைக் கம்பி, ஈயத்தாள் ஆகியவற்றை மேசைமேல் பரப்பிக்கொண்டு, ஒவ்வோர் உறுப்பையும் தாமே வெட்டியும் தேய்த்தும் அதே வாகனத்தைப் பன்மடங்கு காலத்தில் உண்டாக்குவோர் மற்றொரு வகையினர். இவ்விரண்டாம் வகையினரின் செயலுக்கு அத்துறையில் ஸ்கிராட்ச் பில்டிங் என்று பெயர். இவர்களுள்ளும், டாங்கியையோ போர் விமானத்தையோ நாடாமல், போர்முனைக்கு உருளைக்கிழங்கும் பெட்ரோலும் கொண்டுசென்ற பழைய இராணுவ லாரியைத் தேர்ந்தெடுப்போர் தனியொரு கிளையினர் ஆவர். வீரத்தை விட்டுச் சுமையின் மீது பற்று வைத்த இவர்களை உளவியலார் எவரேனும் ஆராய்ந்தால் பயன் விளையலாம்.

இக்கிளையினரின் நாட்டத்திற்கு நெடுங்காலம் இலக்காயிருந்த பெட்ஃபோர்டு க்யூ.எல். என்னும் லாரியை எடுத்துக்காட்டாகக் கொள்வது பொருந்தும். இங்கிலாந்தின் லூட்டன் நகரில் இயங்கிய வாக்ஸ்ஹால் நிறுவனம் 1941 முதல் 1945 வரை 52,000-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் பிரிட்டிஷ் இராணுவத்திற்குச் செய்தளித்த இவ்வண்டி, நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசையைச் செலுத்தும் அமைப்பும், 3 டன் சுமையேற்றும் திறனும், 72 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினும் உடையது. வானொலிக் கருவிகளைச் சுமந்தால் ஆர், போஃபர்ஸ் விமான எதிர்ப்புப் பீரங்கியை இழுத்தால் பி என, பின்புற உடலமைப்புக்கேற்ப அதன் பெயரின் ஈற்றில் ஓர் எழுத்து சேரும். மொத்த எண்ணிக்கையை அவ்வாண்டுகளின் நாட்களால் வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 லாரிகள் வெளிவந்ததாகக் கணக்கு வருகிறது. அவற்றுள் ஒன்றை 17 சென்டிமீட்டர் நீளத்தில் மறுபடியும் செய்வதற்குத் தனியொருவர் இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டால், அது இத்துறையில் சற்று அவசரமான வேலையாகவே மதிக்கப்படும்.

அந்த 17 சென்டிமீட்டர் வந்த வழியும் அறியத்தக்கது. ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள லாரியை 35-இல் ஒரு பங்காகக் குறைத்தால் கிடைப்பது அது. எண்களில் வேறு எதுவும் அகப்படாததுபோல் 35-ஐப் பிடித்துக்கொண்டதற்குக் கணிதக் காரணம் எதுவும் இல்லை. ஜப்பானின் தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் பாந்தர் என்னும் ஜெர்மானிய டாங்கியின் ஓடும் மாதிரியை வெளியிட்டபோது, உள்ளே ஒரு மோட்டாரும் இரண்டு பேட்டரிகளும் அடங்கவேண்டும் என்பதற்கேற்ப அதன் உடலை அமைத்தது. அமைத்த பின் கணக்கிட்டபோது அது உண்மை வண்டியில் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்காக இருந்தது. பிரிட்டனில் வழங்கிய 76-இல் ஒரு பங்கு என்னும் மற்றோர் அளவும், அந்நாட்டின் சிறிய இரயில் எஞ்சின்களின் உருவத்தைப் பொம்மை இரயிலுக்காகக் குறைத்தபோது உள்ளே மோட்டாருக்கு இடம் போதாமற் போனதால் எழுந்ததே. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் உறக்கம் இழப்பவர்களின் கலைக்கு அளவுகோல் வகுத்துத் தந்தவை, ஆக, ஒரு ஜோடி பேட்டரியும் ஒரு மோட்டாருமே ஆகும். அவர்கள் கட்டும் லாரியிலோ மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை.

நீளம் 35-இல் ஒரு பங்காகும்போது எடை அவ்வெண்ணின் மும்மடியால், அதாவது 42,875-ஆல், வகுபடும். எனவே போர்த்துறை வகுத்த 3 டன் சுமை மாதிரியுலகில் 70 கிராமாகச் சுருங்கி, ஒரு பிடி வேர்க்கடலைக்குச் சமமாகிவிடுகிறது. எடை இவ்வாறு பணிந்துபோனாலும் கனம் பணிவதில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டாலான மட்கார்டு, மாதிரியில் 0.04 மில்லிமீட்டர் கனத்தில் இருத்தல் வேண்டும். எழுதும் தாளே ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனமுடையது. ஆகவே இத்துறையினர் பிளாஸ்டிகார்டு என்று வழங்கும் பாலிஸ்டைரீன் தகட்டில் மெல்லியதாகிய 0.25 மில்லிமீட்டர் வகையைக்கொண்டு மட்கார்டைச் செய்கின்றனர். அதனைத் திரும்ப 35-ஆல் பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் வருகிறது. அக்காலப் பிரிட்டிஷ் படையின் பிரென் கேரியர் என்னும் சிறு கவச வண்டியின் கவசமே 7 முதல் 10 மில்லிமீட்டர்தான். கவசமற்றவை என்பதால் இராணுவ வழக்கில் மென்தோல் வண்டிகள் எனப்பட்ட லாரிகளுள் ஒன்று, மேசைமேல் வந்தவுடன் துப்பாக்கிக் குண்டைத் தாங்கும் மட்கார்டைப் பெற்றுவிடுகிறது. இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட பரிகாரம், கண்ணுக்குப் படும் விளிம்பை மட்டும் உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து மெலியச் செய்து, உட்பகுதியைத் தடித்தபடியே விட்டுவிடுவதாகும். இக்கலையில் நேர்மை விளிம்போடு நின்றுவிடலாம் என்பதற்கு அனைவரின் ஒப்புதலும் உண்டு.

சான்றுகளைத் திரட்டும் பகுதி இதனினும் கடினமானது. அருங்காட்சியகங்களிலும் பழைய வாகனங்களைப் பேணுவோரிடத்திலும் க்யூ.எல். லாரிகள் இன்றும் உள்ளன. ஆனால் அவை போருக்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் உழைத்து, பழுது பார்க்கப்பட்டு, கைமாறி வந்தவையாதலால், எந்த உறுப்பு 1943-ஐச் சேர்ந்தது, எது பின்னாளில் ஒரு மெக்கானிக் கையில் கிடைத்ததைப் பொருத்தியது என்று தெளிவாகக் கூற இயலாது. பக்கத்து விளக்கு சாலைச் சட்டத்தின் பொருட்டுச் சேர்க்கப்பட்டிருக்கும். கண்ணாடி வேறொரு லாரியிலிருந்து வந்திருக்கும். அத்தகைய வண்டியை அளவுநாடாவோடு அணுகி, அதன் அடியில் ஊர்ந்து சென்று, டிஃபரன்ஷியலின் மூடியில் எத்தனை போல்ட்டுகள் உள்ளன என்று உரக்க எண்ணும் பார்வையாளரை, காவலர்கள் ஐயத்தோடு நோக்குவது இயல்பே. பழைய புகைப்படங்களே நம்பத்தக்கவை என்று அறிஞர்கள் கூறுவர். ஆயினும் 1944-இன் படைப் புகைப்படக்காரர்களுக்கு லாரியின் மீது யாதொரு அக்கறையும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் வீரர்களின் புன்னகையையும் தேநீர்க் குவளையையும் படமெடுத்தனர். அவ்வீரர்களோ, எவ்வுறுப்பின் வடிவம் தெரியாமல் எண்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் தவிப்பாரோ, சரியாக அவ்வுறுப்பின் மீதே சாய்ந்து நின்றனர். ஆயிரம் படங்களைப் புரட்டி, சாயாத ஒரு சிப்பாயைக் கண்டுபிடித்து, அவருடைய முழங்காலுக்கும் பெட்ரோல் தொட்டிக்கும் இடையே தெரியும் ஒரு கொண்டியை உருப்பெருக்கியால் நோக்கும்போது ஏற்படும் மகிழ்ச்சி, இத்துறைக்கு வெளியே உள்ளோர்க்கு விளங்கவைக்க முடியாத ஒன்று.

கட்டும் வேலையின் பெரும்பகுதி அடிப்புறத்திலேயே கழிகிறது. லாரியின் முதுகெலும்பாகிய சேஸிஸ் என்பது, இருபுறமும் நீண்டு செல்லும் இரு இரும்புச் சட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்தது. இதன்மேல் கியர்பெட்டியும், முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியும், அங்கிருந்து இருபுறமும் செல்லும் சுழல்தண்டுகளும், ஆக்சில்களும் அமையும். ஸ்பிரிங்கின் ஒவ்வொரு பட்டையும் தனித்தனியே வெட்டி, வளைத்து, அடுக்கி, யூ போல்ட்டுகளால் கட்டப்படும். பிரேக் குழாய்க்கு ஈயக்கம்பியும், மெல்லிய தண்டுகளுக்கு மெழுகுவத்திச் சுடரில் காட்டி இழுத்த பிளாஸ்டிக் இழையும் பயன்படும். இவை அனைத்தும் நிறைவேறிய பின் வண்டி நிமிர்த்தி வைக்கப்படுகிறது. அன்றிலிருந்து அதன் அடிப்புறத்தைப் பார்க்கும் உரிமை, அது நிற்கும் அலமாரிப் பலகைக்கு மட்டுமே உண்டு. எஞ்சினின் கதி இன்னும் இரங்கத்தக்கது. க்யூ.எல். லாரியில் ஓட்டுநரின் இருக்கை எஞ்சினுக்குப் பின்னால் இல்லாமல் பக்கத்தில் அமைந்திருப்பதால், எஞ்சின் கேபினுக்குள்ளேயே ஒரு மூடியின் கீழ் மறைந்துகிடக்கிறது. ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் அவற்றின் வயர்களையும், காற்றாடியையும் அதன் பெல்ட்டையும் மாதக்கணக்கில் செய்து, வண்ணம் பூசி, எண்ணெய்க் கறையையும் உரிய இடத்தில் இட்டு, அதன்மேல் மூடியையும், அதற்கும் மேல் கேபினின் கூரையையும் ஒட்டிவிடுவர். எவரும் காணமுடியாத எஞ்சினை எதற்காகச் செய்ய வேண்டும் என்ற வினாவுக்கு, அது அங்கே இருப்பது தமக்குத் தெரியும் என்பதே அவர்கள் அளிக்கும் விடை. கோபுர உச்சியில் கீழிருந்து காணமுடியாத சிற்பத்திற்கும் விரல்நகம் செதுக்கிய ஸ்தபதியிடம் கேட்டிருந்தாலும் இவ்விடையே வந்திருக்கும். அவருக்குக் கூலியும் கிடைத்தது என்பது மட்டுமே வேறுபாடு.

போல்ட்டுகளின் தலைகளைப் பற்றியும் ஒருசில சொல்லியாக வேண்டும். முக்கால் அங்குல அகலமுள்ள அறுகோணத் தலை, மாதிரியில் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அறுகோண வடிவிலான மெல்லிய பிளாஸ்டிக் கம்பியைச் சவரத் தகட்டால் சீவி, ஒவ்வொரு சீவலையும் இடுக்கியால் எடுத்து, கரைப்பான் தொட்ட இடத்தில் வைத்தால் ஒரு போல்ட் ஆகும். நூற்றுக்கணக்கில் இவ்வாறு வைக்கப்படுவனவற்றுள் ஒரு பகுதி இடுக்கியிலிருந்து தெறித்துத் தரையில் விழும். விழுந்தது அகப்பட்டதாக வரலாறு இல்லை. தேடுவோர் மண்டியிட்டுத் தேடியும் கிடைக்காமல், புதிய ஒன்றைச் செய்து ஒட்டிய மறுகணம் பழையது செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு காட்சி தருவதும் உண்டு. இவ்வாறு வைக்கப்பட்ட தலைகளைச் சரிபார்ப்பதற்கென்றே ரிவெட் எண்ணுவோர் எனப்படும் ஒரு சாரார் உளர். பின்கதவின் கீல் ஒன்றில் நான்கு இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து இருப்பதை அவர்கள் ஒரே பார்வையில் கண்டறிவர். அவர்களுள் பலர் எதையும் கட்டுவதில்லை என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. ஆனால் அவர்கள் சொல்லும் எண் பெரும்பாலும் சரியாக இருந்துவிடுகிறது என்பதே அவர்கள்மீதுள்ள வெறுப்புக்கு உண்மையான காரணம்.

தார்ப்பாய் எளிது: மெல்லிய காகிதத்தை நீர்த்த பசையில் தோய்த்து, வளைவுச் சட்டங்களின் மீது போர்த்தி உலரவிட்டால் சுருக்கங்கள் தாமே அமையும். வண்ணம் அவ்வளவு எளிதன்று. பச்சை நிறமிக்குரிய குரோமியம் ஆக்சைடுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால் போரின் நடுப்பகுதியில் பிரிட்டிஷ் வண்டிகளுக்குப் பழுப்பு நிறமே அடிப்படையாக்கப்பட்டது; 1944-இல் அமெரிக்க வண்டிகளோடு ஒத்துப்போகும் பொருட்டு ஆலிவ் பச்சை வந்தது. இடைக்காலத்தில், வானிலிருந்து நோக்குவோரை ஏய்ப்பதற்காக லாரியின் மேற்பகுதியில் கரிய வட்டங்களை ஒன்றையொன்று தழுவுமாறு தீட்டும் முறை ஒன்றும் நடப்பிலிருந்தது. அவ்வட்டங்கள் வால்ட் டிஸ்னியின் எலியினுடைய காதுகளை ஒத்திருந்தமையால் அம்முறைக்கு மிக்கி மவுஸ் காது என்றே பெயர் வழங்கலாயிற்று. போர்ப் பட்டறையில் ஒரு சிப்பாய் அகன்ற தூரிகையால் அரை மணிநேரத்தில் வீசிவிட்டுப் போன இக்காதுகளின் ஆரத்தை, இன்று கவராயம் கொண்டு அளந்து வரைகின்றனர். சிறிய பொருளில் நிறம் அடர்ந்து தோன்றும் என்பதால் வண்ணத்தில் சிறிது வெள்ளை கலக்கவேண்டும் என்றொரு கொள்கை உண்டு. எவ்வளவு கலப்பது என்பதில் நட்புகள் முறிந்துள்ளன. இவ்வளவும் முடிந்தபின் செய்யவேண்டிய இறுதிப் பணி, பழுப்புப் பொடியைக் குழைத்து வண்டி முழுவதும் சேறு பூசி, சரியான நிறத்தை மறைப்பதாகும்.

இத்துறையில் எழுதாச் சட்டம் ஒன்று உண்டு: இதுவரை எவரும் வெளியிடாத வண்டியொன்றை ஒருவர் முழுமையாகச் செய்து முடித்தால், அதே வண்டியைப் பெட்டியில் அடைத்து விற்கும் அறிவிப்பு விரைவில் வரும். பெட்ஃபோர்டு க்யூ.எல். இதற்கு விலக்காகவில்லை. 35-இல் ஒரு பங்கு அளவில் அதனைப் பெறவிரும்பியோர் பல்லாண்டு காலம் தகடு வெட்டி நின்ற நிலை மாறி, 2010-களில் போலந்து நாட்டின் ஐ.பி.ஜி. நிறுவனம் அதன் பல வகைகளைப் பெட்டியில் கொண்டுவந்துவிட்டது. அப்பெட்டியிலுள்ள போல்ட்டுகளின் எண்ணிக்கையைத் தம் கைவேலையோடு ஒப்பிட்டு, பெட்டியில் குறை காண்பது அம்முன்னோடிகளுக்கு எஞ்சியுள்ள ஆறுதல்.

வாசகர் எவருக்கேனும் இத்தகைய லாரி ஒன்றைக் காணும் வாய்ப்பு நேர்ந்தால், ஓடுமா என்றும், என்ன விலைக்குப் போகும் என்றும், குழந்தைக்கு ஒன்று கிடைக்குமா என்றும் வினவாதிருத்தல் நலம். அடிப்புறத்தைக் காட்டமுடியுமா என்று கேட்கலாம்; கேட்பதற்கு முன் அன்று மாலை வேறு அலுவல் எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளவும்.