உப்பு ஆணையருக்கு ஒரு மானநஷ்ட விண்ணப்பம்

அனுப்புநர்: மரக்காணம் உப்பளத்துப் பக்கம் சொறிந்துகொண்டே எழுதும் ஒருவன்.
பெறுநர்: உப்பு ஆணையர், ஜெய்ப்பூர்.
பொருள்: உப்பின் மீதுள்ள வீண்பழியைத் துடைக்கக் கோருதல்.
பார்வை: இத்தாலியின் லிவோர்னோவிலிருந்து எழுதப்பட்ட கடிதம், 1687.

ஐயா,

உங்கள் துறையின் மானம் இங்கே கப்பலேறிக்கொண்டிருக்கிறது. அளத்தில் யாருக்கு எங்கே அரித்தாலும் பழி உப்பின் மீதுதான். "உப்புத் தண்ணியில நின்னா அரிக்காம என்னா பண்ணும்?" என்கிறார் மேஸ்திரி. மருந்துக் கடைக்காரரும் ஆமாம் போடுகிறார்.

உப்பு உத்தமன் என்று நான் வாதாட வரவில்லை. பாதம் வெடிப்பதும் வெடிப்பில் எரிவதும் அதன் வேலைதான். ஆனால் ராத்திரி பாயில் சாய்ந்த பிறகு விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புள் என்று தேடிப் பிடித்து அரிக்குமா? பாத்தியில் கால் வைக்காத கைக்குழந்தைக்கும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் சேர்த்து அரிக்குமா?

குற்றவாளி சிரங்குப் பூச்சி. தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவது. பொடியுப்பில் ஒரு மணி அளவுதான் இருக்கும். சாதாரணமாக ஓர் ஆள் மேல் பத்துப் பதினைந்து இருந்தால் அதிகம். உப்பில் அயோடின் பத்து லட்சத்துக்கு 15 பங்குக்குக் கீழே போனால் கண்டுபிடிக்க நாட்டில் ஆய்வகம் உண்டு. அந்த உப்பை வாரும் கையிலுள்ள 15 பூச்சியைத் தேடி ஒரு பூதக்கண்ணாடி அளத்துப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

உப்புக்கு ஏற்கெனவே விடுதலை கிடைத்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. பார்வையில் கண்ட கடிதத்தில் போனோமோ என்ற மருத்துவர், சொறிக்குக் காரணம் பூச்சிதான், உடல் நீரில் உறுத்தும் உப்புகள் அல்ல என்று எழுதினார். கூட இருந்து ஆராய்ந்தவர் செஸ்தோனி, மருந்துக் கடைக்காரர்! எங்கள் கடைக்காரர் நுண்ணோக்கியெல்லாம் வைத்துக்கொள்வதில்லை; ஸ்டீராய்டு டியூப் ஒன்றை நீட்டுவார். இரண்டு நாள் சுகமாக இருக்கும். பூச்சிக்கும்தான்.

தப்பித்தவறி டாக்டரிடம் போனால் பெர்மெத்ரின் களிம்பு எழுதித் தருவார். கழுத்திலிருந்து கால்விரல் வரை இடம் விடாமல் பூசி, ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அரிப்பு இல்லாதவர்கள் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும். முதல் தடவை தொற்றினால் அரிக்கத் தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பெரிய ஆளுக்கு ஒரு வேளைக்கே சுமார் 30 கிராம் வேண்டும். நாங்கள் ஐந்து பேருக்கு ஒரே டியூப் வாங்கி, அரிக்கிற இடத்தில் மட்டும் பொட்டு வைக்கிறோம். பத்து நாளில் மறுபடி அரிக்கும். சரியாகப் பூசினவனுக்கும் பூச்சி செத்த பிறகு சில வாரம் அரிக்கும். "மருந்து கேக்கல, உப்புதான்" என்று தீர்ப்பாகிவிடும்.

சொறிந்த புண்ணில் கிருமி ஏறி, சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் வீங்கும். முகம் உப்பும், சிறுநீர் சிவக்கும். அப்போது டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்வார். அங்கேயும் கெட்ட பெயர் உங்களுக்குத்தான்!

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் இந்தச் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அபாண்டம். பத்து விரலாலும் ராத்திரி முழுக்கக் கவனிக்கிறோமே!

எங்கள் கூலியும் அரிப்பும் உங்கள் கோப்பில் வராது என்று தெரியும். உப்பின் மானம் வருமல்லவா? ஆகவே அளத்துக்கு அளம் ஒரு பலகை வைக்க உத்தரவிடுங்கள்: "ராத்திரி அரிப்புக்கு உப்பு பொறுப்பல்ல. குடும்பத்தோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்காமல் எதையும் பூச வேண்டாம். போகும் நாளுக்குக் கூலி பிடிக்கப்படாது."

கடைசி வரியை மேஸ்திரி சுண்ணாம்பு அடித்து மறைப்பார். பெயிண்ட் கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும்.

நகல்: மருந்துக் கடைக்கு, டியூபை நீட்டும் முன் படிக்க.