பிரேக் பெட்டியில் பொன்னியின் செல்வன்

அம்பத்தூரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் அட்டைப்பெட்டிக்கு வராது. தொழிற்பேட்டை ஓரத்துப் பழைய பேப்பர் கடையில் கனமான பெட்டிகள் சல்லிசாகக் கிடைக்கும். ஒரே சிக்கல், நாலு பக்கமும் 'பிரேக் ஷூ', 'கிளட்ச் பிளேட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மேலே பிரேக் ஷூ, உள்ளே பொன்னியின் செல்வன் ஐந்து பாகம், சுங்கப் படிவத்தில் 'அச்சிட்ட புத்தகங்கள்' என்றால் எந்த நாட்டு அதிகாரிக்கும் கை அரிக்கத்தானே செய்யும்? அதனால் பெட்டியைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டுவதுதான் என் தொழிலின் அரிச்சுவடி.

தொழில் என்றால், வெளிநாட்டுத் தமிழர்களுக்குப் புத்தகம் வாங்கி அனுப்புவது. ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி தொடங்கியதுமே டொரண்டோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் பட்டியல் வந்துவிடும். பட்டியலின் அடியில் தவறாமல் ஒரு கேள்வி: "தபால் செலவு புத்தக விலையைவிட அதிகமா இருக்கே, சார்?" இருக்கும். தபால்காரர் தராசில் கல்கியும் ஒன்றுதான், கருங்கல்லும் ஒன்றுதான்.

புத்தகத்துக்கு எதிரி மழை என்பார்கள். மழையை பாலிதீன் உறை பார்த்துக்கொள்ளும். மூலைதான் ஆபத்து. பெட்டியை எங்கே தூக்கிப் போட்டாலும் அது மூலையில்தான் போய் விழும். அதனால் மூலைக்கு மூலை மடித்த அட்டை வைத்து, இடைவெளியில் கசக்கிய செய்தித்தாளைத் திணித்து, காதருகே ஆட்டிப் பார்ப்பேன். 'டொக்' என்று கேட்டால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான். சூரிச் வாசகி ஒருவர், புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்தக் கசங்கிய தாளை நீவி நீவி முழுக்கப் படித்தாராம். வரன் விளம்பரம் உட்பட.

அச்சிட்டதை மட்டும் மொத்தமாக அனுப்ப அஞ்சலில் 'எம் பேக்' என்று ஒரு வசதி உண்டு. ஒரே முகவரிக்கு, ஒரே பையில், 30 கிலோ வரை. இது எப்படியோ எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி, என் பொண்ணும் டொரண்டோலதான இருக்கா? இந்த வடகத்த ஓரமா வச்சிடு. எடையே இருக்காது."

"அச்சடிச்சது மட்டும்தான் போகும்க்கா."

மறுநாள் வடகத்தைப் பழைய பஞ்சாங்கத்தில் சுற்றிக்கொண்டு வந்து, "இப்ப சரியா?" என்றார்.

முகவரி தனி வேதனை. டோக்கியோவில் நிஷி காசாய் பக்கம் இந்தியர்கள் நிறையப் பேர். அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. பகுதி எண், தொகுதி எண், கட்டட எண், அவ்வளவுதான். பழைய பகுதிகளில் கட்டட எண்ணும் கட்டிய வரிசைப்படி வந்ததால், 3-ஆம் எண்ணுக்குப் பக்கத்தில் 18 இருக்கலாம். கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். பழைய எண், புதிய எண் என்று ஒரே வாசலில் இரண்டு பலகை மாட்டிய ஊர்க்காரர்கள் இதற்குச் சிரிக்கக் கூடாது. அங்கே பார்சல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆவடிக்குள் அனுப்பினால்தான், "அந்தப் பிள்ளையார் கோயில் பக்கத்துல இருந்து போன் பண்ணுங்க" என்கிறார்கள்.

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா, 800 டாலர் வரையிலான சரக்குக்கு இருந்த வரிவிலக்கை எடுத்துவிட்டது. வரியை யார், எப்படி வசூலிப்பது என்று தெளிவாகாததால் நம் அஞ்சல் துறை அந்நாட்டுப் பார்சல்களை நிறுத்தி, அக்டோபர் 15-இல்தான் மீண்டும் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், புத்தகத்துக்கு அந்த வரியே கிடையாது. ஆனாலும் டல்லாஸுக்குப் போகவேண்டிய வந்தியத்தேவன் என் வீட்டுக் கட்டிலுக்கடியில் தீபாவளிப் பட்சணப் பாத்திரங்களோடு குடித்தனம் நடத்தினான்.

அயலகத் தமிழர்களுக்கு ஒரு விண்ணப்பம். முகவரியோடு தொலைபேசி எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள். பெட்டி வந்ததும் ஆசையில் நடுவே கத்தியைப் போட்டுக் கீறாதீர்கள், ஓரமாகப் பிரியுங்கள். டேப்புக்கு நேர் கீழேதான் முதல் புத்தகத்தின் அட்டை இருக்கிறது.